எரிந்த கடையின் பூட்டு

ஹவுராவில் ரயிலை விட்டு இறங்கி, கல்கத்தா கரைக்குப் போகும் படகில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் தமிழ்க்குரல் கேட்டது.

"பூட்டிட்டுத்தான் ஓடினேன், மாப்பிள்ளை."

திரும்பிப் பார்த்தேன். சொன்னவர் குடுமி வைத்த ஜவுளி வியாபாரி. என்னைப் போல அப்போதுதான் ரயிலில் வந்து இறங்கியவர். கூட்டிப் போக வந்த மச்சினர் கோட்டுப் போட்ட ஆபீஸ் குமாஸ்தா.

"கடைத்தெரு பூராவும் பத்தி எரியுது, நீங்க நின்னு பூட்டிக்கிட்டிருந்தீங்களா, அத்தான்?"

"பின்னே, கடையைத் திறந்து போட்டுட்டா வருவாங்க? உங்க அக்கா எனக்கும் மேல. மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வர்றேன், 'இழுத்துப் பாத்தீங்களா?'ன்னு கேக்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்றதென்ன, திரும்பி ஓடினேன். தெருமுனையிலயே நாலு பேர் கட்டிப் பிடிச்சு நிறுத்திட்டாங்க."

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வியாபாரியும் சேர்ந்துகொண்டார்.

"ஊர்ல ஒரு உசுருக்கும் சேதமில்ல, அதுவரைக்கும் புண்ணியம். கடைதான் ஒண்ணுகூட மிச்சமில்ல. தணல் ஆறினப்புறம் சாம்பலைக் கிளறினா, கதவு இல்ல, நிலை இல்ல. பூட்டு மட்டும் பூட்டினபடி கெடக்கு."

"அக்காகிட்ட காட்டினீங்களா?"

"கையில வாங்கி இழுத்துப் பாத்தா. 'நல்லாத்தான் பூட்டியிருக்கீங்க. கல்கத்தாவுல தம்பி இருக்கான், போய்ச் சரக்கு வாங்கிட்டு வாங்க'ன்னா. வந்துட்டேன்."