மாலை போட்ட படம்

சுங்கை பட்டாணியிலிருந்து பாலிங் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மா இருந்தார். மடியில் ஓர் இளம்பெண்ணின் சட்டம் போட்ட படம். அதில் காய்ந்த மாலை, குங்குமப் பொட்டு.

அவர் பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகக் கேட்டார்.

“எப்ப தவறிச்சு, அக்கா?”

“தவறலம்மா. என் மகதான். கோலாலம்பூர்ல பேய்ப் படத்துல நடிக்கிறா.”

“அப்புறம் ஏன் மாலை?”

“கதையில அவ செத்துப் போனவ. அதுக்காக எங்க வீட்டுப் போட்டோவையே செட்டுல மாட்டிட்டாங்க. கேட்டு வாங்கிட்டேன். என் கையால மாலையைக் கழட்டப் பயமா இருக்கு. கோயில் பூசாரிகிட்ட கொண்டு போறேன்.”

“எல்லாப் படத்திலயும் பேய்தானா?”

“நல்லா சாகறாளாம். அதான் அவளையே கூப்பிடுறாங்க.”

“பொய்யா செத்தா ஆயுசு கூடும்னு சொல்வாங்க லா.”

“யாரு சொல்வாங்க?”

“நான்தான் சொல்றேன்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. “காலையிலேர்ந்து போன் எடுக்க மாட்டேங்கிறா” என்றார். நான் மனதுக்குள் மாரியம்மனை வேண்டிக்கொண்டேன்.

குவாலா கெட்டில் ஊரைத் தாண்டியதும் அவர் கைப்பேசி அடித்தது.

“எங்கடி போன? மேக்கப்பா? இன்னிக்கும் அந்தச் சாவு சீன்தானா? சரி, சாப்பிட்டுட்டுப் போய்...”

படத்தைத் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“நடிச்சிட்டு வீட்டுக்கு வந்துடு, தாயி.”