சாம்பிள் வெடிக்கு முன்னால தூங்கணும்

பிள்ளையத் தூங்க வைக்கணும்னா முதல்ல நம்ம மனசு நிதானமா இருக்கணும் மேடம். உங்களுக்குக் கைப்பிள்ளை இருக்காமே, என்னைக் கூட்டியாந்த போலீஸ்காரப் பொண்ணு சொல்லுச்சு. நாம பரபரன்னு இருந்தா அதுக்குத் தெரிஞ்சுரும். மடியில போட்டதும் முறுக்கிக்கிட்டுக் கெடக்கும்.

எம் பேரு வள்ளித்தாய். அச்சங்குளத்துக்கு அங்கிட்டு ஒரு பட்டாசுக் கம்பெனி. அங்க வேலைக்கு வர்ற பொம்பளைகளோட பிள்ளைகளை நாந்தான் பாத்துக்கிடுவேன். மொத்தம் பதினோரு பிள்ளைக, ஒரே ரூமு, தகரக் கதவு. ஒருவாட்டி ஒரு பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து வெடிமருந்து காய்ற களத்துக்கே போயிருச்சு. அதுலருந்து போர்மேன் ஜெயபாண்டி வெளிப்பக்கமா தாழ்ப்பாள் போட்டுருவாரு. சாப்பாட்டுக்கு ஒருவாட்டி திறப்பாரு, சாயங்காலம் மணியடிச்சதும் ஒருவாட்டி. ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம் உள்ளயே ஒரு மறைப்புல. எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா நியாயமான ஏற்பாடு, நான் குத்தம் சொல்லலை.

பிள்ளை அழுதா தாய்க்குக் கை நடுங்கும். அங்க அவ குழாய்க்குள்ள மருந்து அடைச்சுக்கிட்டு இருப்பா. ஜெயபாண்டி ஒருநா வந்து, "ஏ வள்ளித்தாயி, உன் ரூம்ல சத்தம் கேட்டா இங்கன எனக்கு ஈரக்கொலை நடுங்குது. இன்னொருக்க கேட்டுச்சு, ரூமை மூடிருவேன். அவளுக பிள்ளைய வச்சுக்கிட்டு வீட்லயே கெடக்கட்டும்"னு சொல்லிட்டாரு. மூடிட்டா அவளுக எங்க போவாளுக? நாந்தான் எங்க போவேன்?

ஆனா பிள்ளைத் தூக்கம் நம்ம சொல்பேச்சு கேக்குமா? கைப்பிள்ளை காலையில ஒரு தூக்கம், மத்தியானம் ஒரு தூக்கம் போடும். வருசம் திரும்பிட்டா காலைத் தூக்கம் விட்டுப்போகும். ஒண்ணு கண்ணசர்ற நேரம் இன்னொண்ணு முழிச்சு ஆட்டம் போடும். சாப்பாடு முடிஞ்சதும் கம்பெனியில சாம்பிள் வெடிப்பாக, சரக்கு நல்லா வந்திருக்கான்னு பாக்க. அரைத்தூக்கத்துல இருக்கிற பிள்ளை அந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சா அம்புட்டும் எந்திரிச்சுரும். அதனால சாம்பிளுக்கு முன்னால எல்லாரையும் ஒண்ணுபோல தூங்க வச்சுருவேன். வெடி வெடிக்கையில ரெண்டு கையும் தூக்கிப் போடும், பொசுக்குனு விழுகும், கண்ணு மட்டும் திறக்காது. அதான் சரியான தூக்கம். வேற யாருக்கும் இந்தப் பக்குவம் தெரியாது.

சளி மருந்துதான் குடுத்தேன். "தூக்கம் வரும், பாத்துக் குடுங்க"ன்னு மருந்துக்கடையில சொன்னாக. தூக்கம் வந்தா நல்லதுதான? "யக்காவுக்கு நல்ல கைராசி"ன்னு தாய்மாருக சொல்லுவாளுக. என்ன குடுக்கேன்னு ஒருத்தியும் கேட்டதில்லை.

இசைவாணி மகன் எழில் மட்டும் அடங்க மாட்டான். ஒன்றரை வயசு. ஜன்னல் கம்பியப் பிடிச்சா அவன் அம்மா வேலை பாக்குற செட்டு தெரியும். கம்பியப் பிடிச்சுக்கிட்டு "ம்மா, ம்மா"ன்னு நிப்பான். என் மேல அவனுக்குப் பாசமே கிடையாது. அம்புட்டுப் பிள்ளைகள்லயும் அவனைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதைச் சொல்லிப்புடுறேன்.

அன்னைக்குத் தீபாவளி ஆர்டரு நெருக்கடி. ஜெயபாண்டி ஜன்னல்ல வந்து ரெண்டுதரம் முறைச்சுட்டுப் போனாரு. மத்த பிள்ளைகளுக்குக் குடுக்குற மாதிரிதான் எழிலுக்கும் குடுத்தேன். கம்பிய விடலை. இன்னொருக்க குடுத்தேன், பாதியத் துப்பிட்டான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மறுபடியும் ஊத்தினேன். வீம்புக்கு வீம்பு. அப்புறம் கம்பி கையிலருந்து நழுவுச்சு.

சாம்பிள் வெடிச்சுச்சு. பத்துப் பிள்ளைகளுக்கும் கை தூக்கிப் போட்டுச்சு. எழிலுக்குப் போடலை. அடேயப்பா, இன்னைக்குத்தான் இந்தப் பய மனுசனாத் தூங்குறான்னு நெனச்சேன். சந்தோசமா இருந்துச்சு.

பெறகுதான் பக்கத்துல போயிப் பாத்தேன். உதடு நீலம் பாஞ்சிருந்துச்சு. மூச்சை ஒருதரம் இழுப்பான், ரொம்ப நேரம் கழிச்சு இன்னொருதரம் இழுப்பான். பயந்துதான் போனேன், இல்லேங்கலை. தூக்கித் தோள்ல போட்டேன், தலை துவண்டு விழுந்துச்சு. மடியில போட்டுக்கிட்டுத் தட்டிக் குடுத்துக்கிட்டே இருந்தேன். சாயங்கால மணிக்கு ரொம்ப முன்னாடியே அடங்கிட்டான்.

கதவு திறந்ததும் இசைவாணி முதல் ஆளா ஓடி வந்தா. "என்னக்கா, இம்புட்டு நேரமாவா தூங்குறான்?"னு கேட்டா. "எழுப்பாத தாயி, நல்ல தூக்கம்"னு அவ கையில குடுத்தேன். அது பொய்தான், ஒத்துக்கிடுறேன்.

மூச்சு இருக்கையிலயே ஏன் கதவைத் தட்டலைன்னு கேக்குறீக. வாசல்லயே கம்பெனி வேன் நின்னுச்சு. தட்டியிருந்தா எழில் பிழைச்சிருப்பான், அது எனக்கு அப்பவே தெரியும். ஆனா அது தகரக் கதவு மேடம். தட்டியிருந்தா மத்த பிள்ளைக அம்புட்டும் முழிச்சிருக்கும்.