கோட்டைக்குள் விட்டு வந்தவள்

ஓடுகிறோம். ஷமீமா முன்னால். நான் பின்னால். கையில் இன்னும் தரை துடைக்கும் கட்டை. அதைக் கீழே போடத் தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு பத்து. முதல் குண்டு துறைமுகத்தில் விழுந்தது. முதலில் தரை ஆடியது. சத்தம் பிறகுதான் வந்தது.

ஹபீப் அவர் மொழியில் கத்துகிறார். கீழே. கீழே. அந்தச் சொல் எங்களுக்குத் தெரியும். படியில் இறங்குகிறோம்.

ஹபீப் அந்தக் கோட்டையின் வழிகாட்டி. நாங்கள் அங்கே துப்புரவு வேலை பார்த்தவர்கள். லெபனானின் தென்கரை. கடலுக்குள் நிற்கும் கல்கோட்டை. கரைக்கு வர ஒரே ஒரு பாலம். எனக்குச் சொந்த ஊர் கன்னிவாடி. பெயர் லூர்துமேரி. திண்டுக்கல் நூல் மில்லில் பதினொரு வருடம் வேலை செய்தேன். மில்லை மூடினார்கள். ஏஜென்ட் மூலம் அங்கே போனேன். ஷமீமாவுக்குத் திண்டுக்கல் பேகம்பூர். ஊரில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அங்கே மூன்று வருடம் ஒரே அறையில் படுத்தோம்.

கோட்டையைக் கடைசியாக ஆண்டவர்கள் கோயில் வீரர்கள். வாளெடுத்த கிறிஸ்தவத் துறவிகள். எழுநூறு வருடத்துக்கு முந்தைய கதை. நான்கு அறைகளில் படமும் எழுத்துமாக வைத்திருந்தார்கள். ஹபீப் தினம் பலமுறை சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். முதல் அறையில் ஒன்பது பேர். எருசலேமுக்குப் போகிற யாத்ரீகர்களை வழியில் காப்போம் என்று சத்தியம் செய்கிறார்கள். சொந்தமாக எதுவும் வேண்டாம் என்கிறார்கள். இரண்டாம் அறையில் கோட்டைகள். கப்பல்கள். ராஜாக்கள் கொடுத்த நிலங்கள். மூன்றாம் அறை முழுக்கத் தோல்வி. நான்காம் அறையில் எல்லாம் முடிகிறது. பெரிய துறைமுக நகரம் விழுந்தது. இந்தக் கோட்டையில் மிஞ்சியவர்கள் கப்பலேறிப் போனார்கள். பிறகு பிரெஞ்சு ராஜாவே அந்தச் சபையாரைப் பிடித்தார். தலைவரை எரித்தார். போப்பாண்டவர் சபையைக் கலைத்தார்.

அந்தப் படங்களின் கண்ணாடியைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். காப்போம் என்று சொன்னவர்கள் கப்பலேறலாமா. ஷமீமாவிடம் கேட்டிருக்கிறேன்.

"அவுகளுக்கும் உசுருதானக்கா," என்பாள்.

எங்கள் பாஸ்போர்ட்டுகள் சூப்பர்வைசரிடம் இருந்தன. அவர் அன்று காலையிலேயே வேனில் வடக்கே போய்விட்டார். திரும்பி வந்து கூட்டிப்போகிறேன் என்றார். வரவில்லை.

இரண்டு பதினாறு. இரண்டாவது குண்டு. நிலவறையில் நிற்கிறோம். முன்பு குதிரை கட்டிய இடம். ஷமீமா ஓதுகிறாள். நான் மாதாவைக் கூப்பிடுகிறேன். இரண்டு இருபத்தொன்று. மூன்றாவது எங்கள் தலைக்கு மேலேயே.

தூசி. வாயெல்லாம் சுண்ணாம்பு. இடது காதில் ஒரு ரீங்காரம். ஹபீப் படியில் கிடந்தார். முகத்தைப் பார்த்தேன். இன்னொரு முறை பார்க்கவில்லை. ஷமீமாவின் கால் முட்டிவரை கல்லுக்கு அடியில். கட்டையைக் கொடுத்து நெம்பினேன். முறிந்தது. கையால் இழுத்தேன். இரண்டு நகம் பெயர்ந்தது. கல் அசையவில்லை.

கரையில் லாரி ஹாரன் கேட்டது. ஊரைக் காலி செய்கிற கடைசி லாரி. மூன்று மணிக்கு என்று ஹபீப் காலையில் சொல்லியிருந்தார். இப்போது முன்னதாகவே கிளம்பப் பார்க்கிறது.

"நீ போயி ஆள கூட்டியாக்கா."

"ஒன்ன விட்டுட்டு எப்பிடிடி போவேன்."

"இம்புட்டுக் கல்ல ஒத்தையில தூக்க ஏலாது. நாலு ஆளு வேணும். செத்த நேரந்தான. நான் எங்க போயிரப் போறேன்."

சிரிக்கப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் ஓடினேன்.

லாரியில் இருந்தவர்களிடம் தெரிந்த நாலு வார்த்தையில் கெஞ்சினேன். கோட்டையைக் காட்டினேன். என் காலைத் தட்டிக் காட்டினேன். ஒருவர் இறங்கினார். இரண்டடி வந்தார். அப்போது நான்காவது விழுந்தது. கோட்டையின் மறுபக்கம். அவர் திரும்பி ஏறிக்கொண்டார். லாரி நகர்ந்தது.

பிடித்து ஏற்றினார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. நானேதான் பின்பலகையைப் பிடித்து ஏறினேன். பாலம் இடியவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். திரும்பிப் போயிருக்கலாம். ஐந்தாவது சத்தம் கேட்டபோது ஊருக்கு வெளியே இருந்தோம். மணி இரண்டு நாற்பத்திரண்டு.

தூதரகம் கொடுத்த தாளில் ஊர் வந்தேன். இப்போது கன்னிவாடியில் இருக்கிறேன். கல்குவாரியில் வேட்டு வைக்கிறார்கள். சோற்றுத் தட்டோடு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறேன். வந்து ஒரு மாதம் பேகம்பூர் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போவேன். திரும்பிவிடுவேன். ஐந்தாவது தடவை போய்ச் சேர்ந்தேன்.

அவள் வீட்டுக்காரர் காதர் தோல் கிடங்கில் வேலை பார்க்கிறார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"கடசியா என்னக்கா சொன்னா."

"ஆள கூட்டியான்னு சொன்னா."

"நீங்க?"

"லாரில ஏறிட்டேன் தம்பி."

உள்ளே மகள் பாடம் படிக்கும் சத்தம்.

"கால் மட்டுந்தான மாட்டிருந்துச்சு?"

"ஆமா."

"பேசிக்கிட்டுத்தான இருந்தா?"

"ஆமா தம்பி."

எழுந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எம் மக பெருசானா கேப்பா. எழுதிக் குடுங்க. எதையும் மாத்தாம எழுதுங்க. இனிமே இங்க வராதீங்கக்கா."

அதனால் எழுதுகிறேன்.

ஷமீமா. வயது முப்பத்தெட்டு. உடல் கிடைக்கவில்லை. தேடினார்களா என்றும் தெரியவில்லை. ஹபீப். அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கோட்டையில் நான்கு அறைகளும் போய்விட்டதாகச் செய்தியில் காட்டினார்கள். கேட்காமல் போன என் இடது காது. இரண்டு பாஸ்போர்ட். அவள் மகளுக்கு வாங்கி வைத்திருந்த நீலச் சட்டை, நாங்கள் தங்கியிருந்த அறையிலேயே. லாரியில் நாங்கள் பதினேழு பேர். என் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.