கெமராவுக்குக் கை காட்டியவர்

முதலில் லென்ஸின் மூடியைக் கழற்ற வேண்டும். சிரிக்காதீர்கள் ஐயா. எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதற்காகத்தான். படம் கறுப்பாக வருகிறது என்பார்கள். மூடியைக் கழற்றிப் பாருங்கோ என்பேன். பிறகு "சரி சரி, வந்திட்டுது" என்று வைத்துவிடுவார்கள். நன்றி சொல்ல ஒருவருக்கும் வாய் வராது.

கெமராவைப் பற்றி உங்கள் ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆரம்பத்திலிருந்து விளங்கும்படி எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். கேட்டது நல்லது. இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருக்கிறேன், ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. பேனையும் நன்றாக எழுதுகிறது. பிளேன்டீதான் ஆறிவிட்டது, பரவாயில்லை.

பெயர் வினோதன். சொந்த ஊர் சாவகச்சேரி. பேராதனைக்குப் படிக்க வந்தேன், கண்டிக் குளிர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டேன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் என் சிறிய நிறுவனம். தொழிற்சாலைகளுக்குக் கெமரா பூட்டுவதுதான் வேலை.

இது கல்யாண வீட்டுக் கெமரா இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய உலோகப் பெட்டி. பொத்தானும் கிடையாது, திரையும் கிடையாது. லென்ஸைத் தனியாக வாங்கித் திருகிப் பூட்ட வேண்டும். ஒரே வயரில் மின்சாரம் போகும், படம் வரும். வினாடிக்கு அறுபது படம். லப்டொப்பில்தான் எல்லாவற்றையும் பார்க்கலாம், மாற்றலாம்.

கலஹாவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைப் பெக்டரியில் நான் பூட்டியது இப்படி ஒன்றுதான். அங்கே ரொட்டர்வேன் என்று ஒரு மெஷின் இருக்கிறது. கொழுந்தை வாயில் வாங்கி, உள்ளே திருகி, நசுக்கி, மறுபக்கத்தால் தள்ளும். இறைச்சி அரைக்கும் மெஷினை ஆள் உயரத்துக்குப் படுக்க வைத்தது மாதிரி. ஈரக்கொழுந்து வாயில் அடைத்துக்கொள்ளும்போது ஆட்கள் கையால் தள்ளுவார்கள். கூடாதுதான். எல்லாரும் தள்ளுவார்கள். என் கெமரா அந்த வாய்க்கு மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கை ஒன்று உள்ளே வந்தால் கண் இமைப்பதற்குள் மோட்டாரை நிறுத்திவிடும். தேவைப்பட்டால் லப்டொப்பில் ஒரு விசையைத் தட்டியும் நிறுத்தலாம்.

பூட்டுவதில் இரண்டு விசயம் முக்கியம். ஒன்று, ஒளி. ஓடுகிற இலை கலங்காமல் தெரிய வேண்டுமென்றால் ஒளி வாங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் படம் இருண்டுபோகும். ஆகவே பக்கத்தில் நல்ல விளக்கு வேண்டும். மற்றது, துல்லியம். அதற்குச் சிலர் கோடு போட்ட அட்டை வைப்பார்கள். நான் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை மெஷின் வாயில் விரித்துவைப்பேன். சின்ன எழுத்து, நிறையப் பெயர். மருமக்கள் வரிசை கடைசி ஆள் வரைக்கும் வாசிக்க முடிந்தால் லென்ஸ் சரி. உடனே பக்கத்துத் திருகாணியை இறுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மெஷின் அதிர்வில் எல்லாம் அசைந்துபோகும்.

அதன் பிறகு லப்டொப்பில் ஒரு கட்டம் வரைய வேண்டும். கெமரா முழுப் படத்தையும் காண்கிறது, ஆனால் அந்தக் கட்டத்துக்குள் நடப்பதைத்தான் கவனிக்கும். கட்டத்துக்கு வெளியே யானை வந்து நின்றாலும் அதற்குக் கவலையில்லை. இந்தக் கட்டத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் காலை முறைக்கு நின்றவர் ராஜலிங்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். கரம் விளையாட்டில் அந்தத் தோட்டத்தில் அவரை வெல்ல ஆள் இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என்னையும் கூப்பிட்டு உட்காரவைப்பார். மூன்று மாதத்தில் ஒரு ஆட்டம்கூட நான் வெல்லவில்லை. சிவப்புக் காயை வலக்கைச் சுட்டுவிரலால் மெதுவாகத் தட்டி, பார்க்காமலே குழிக்குள் போடுவார். போட்டுவிட்டு, "சேர், கெமரா பூட்டுனா மட்டும் பத்தாது, கண்ணத் தொறந்து பாக்கணும்" என்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் சார்ஜன்ட் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தினமும் வேலை தொடங்க முன் கெமராவைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கம்பு கொடுத்திருந்தேன். நுனியில் பஞ்சு அடைத்த கையுறை. மெஷினை வெறுமனே ஓடவிட்டு, கம்பை வாய்க்குள் நீட்ட வேண்டும். மெஷின் நின்றால் கொப்பியில் சரி போட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். ராஜலிங்கம் இரண்டு நாள் கம்பைப் பிடித்தார். மூன்றாம் நாள் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு,

"கை இருக்கையில கம்பு எதுக்கு சேர்? ஒங்க கெமராவ நாங்க நம்பாட்டி யாரு நம்புறது?" என்று கையையே நீட்டினார். மெஷின் நின்றது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் தடுத்திருக்க வேண்டும் என்று சொல்வீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசமாக இருந்தது. நான் செய்த ஒன்றை அப்படி யாரும் நம்பியதில்லை.

"இதுக்கு நம்மளத் தெரியுமா சேர்?" என்று கேட்டார்.

"முதல்ல கையைக் காட்டிப்போட்டு விடுங்கோ அண்ணை. அது கண்டுபிடிச்சிடும்" என்றேன். பகிடிக்குச் சொன்னது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குக் கெமராவை நிமிர்ந்து பார்த்து, பேராதனை பஸ்ஸை மறிப்பதுபோல வலக்கையை மூன்று தரம் ஆட்டுவார். அதே கையை அப்படியே உள்ளே விடுவார். நான் கட்டுகஸ்தோட்டையில் இருந்தபடி லப்டொப்பில் பார்ப்பேன். கீழே முதல் பாண் இறக்கும் நேரம் அது. நானும் இங்கிருந்து கையை ஆட்டுவேன். அவருக்குத் தெரியாதுதான். ஆனாலும் ஒரு மனிதர் கை காட்டும்போது சும்மா இருக்க முடியுமா?

பின்னேர முறைக்கு நின்ற கறுப்பையா இப்படியெல்லாம் செய்யமாட்டார். தகரக் கரண்டியால்தான் தள்ளுவார், கம்பால்தான் சோதிப்பார். கெமராவை அவர் ஒருநாளும் நம்பவில்லை.

மூன்று மாதம் பரீட்சார்த்தமாக வைத்துப் பார்ப்பது என்றுதான் ஒப்பந்தம். அந்த முடிவைப் பார்த்துத் தீர்மானிப்போம் என்று வேறு ஆறு பெக்டரிகள் காத்திருந்தன. மூன்றாம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மெனேஜர் நபீல் என்னைக் கூப்பிட்டார். மடவளைக்காரர், நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார்.

"வினோதன், ஒங்கட கெமரா நல்லம்தான். ஆனா மூணு மாசமா ஒருத்தர்ட கையும் அதுக்குள்ள மாட்டல்லயே. ஆவி பட்டாலும் நிப்பாட்டுது, சாக்கு பட்டாலும் நிப்பாட்டுது. இது தேவல்ல எண்டுதான் எனக்குப் படுது. திங்கக்கிழமை வந்து கழட்டிட்டுப் போங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. மறைப்பானேன். கை மாட்டவில்லை என்றால் அதற்குக் காரணமே கெமராதானே? ஒழுங்காக வேலை செய்தபடியால் தேவையில்லை என்றாகிவிட்டது. குடை பிடித்துக்கொண்டு நனையாமல் வந்தவர், மழையே இல்லை, குடை எதற்கு என்று கேட்பதுபோல. என் வான் வண்டியில் மலை இறங்கி வரும்போது வழி முழுக்க இதையே யோசித்தேன். வீதி திருத்தும் வேலையால் வான் ஊர்ந்துதான் வந்தது, யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. பேராதனைப் பாலத்துக்கு வரும்போது மனம் தெளிந்துவிட்டது. கெமரா தேவை என்று இவர்களுக்கு விளங்க வேண்டுமென்றால், அது ஒரேயொரு தரம் இல்லாமல் இருக்க வேண்டும்.

புறப்படும்போது அந்தக் கம்பை வானில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். திருப்பி எடுக்கும் பொருட்களில் அதுவும் ஒன்று. அந்த நேரம் வேறு எண்ணம் இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கே போய்விட்டேன். ராஜலிங்கம் வாசலில் நின்றார். கெமராவைக் கழற்றப்போகிறேன் என்று கேள்விப்பட்டிருந்தார், முகம் வாடியிருந்தது. "கடைசி நாளு சேர். நல்லா கை காட்டி வழியனுப்பிர்றேன்" என்றார். எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். பெக்டரியின் மேல்மாடி அலுவலகத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்து லப்டொப்பைத் திறந்தேன்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கட்டத்தை இடப்பக்கமாக ஒரு சாண் நகர்த்தினேன். அவ்வளவுதான் ஐயா நான் செய்தது. கெமராவைத் தொடவில்லை, வயரை வெட்டவில்லை, யாரையும் தள்ளவில்லை. திரையில் ஒரு கோட்டை இழுத்தேன். இப்போது அது மெஷின் வாயைக் கவனிக்காமல் பக்கத்துத் தகரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது.

கை கொஞ்சம் உரசுப்படும், பயந்துபோவார்கள், கெமராவின் அருமை தெரியும் என்று நினைத்தேன். சரி, இப்படி எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ரொட்டர்வேன் உரசாது. பிடித்தால் மணிக்கட்டு வரைக்கும் எடுக்கும். பூட்டும் முன் அந்த மெஷினைப் பற்றி நானே எட்டுப் பக்கம் அறிக்கை எழுதியிருக்கிறேன், நாலாம் பக்கத்தில் இருக்கிறது.

ஆறு மணிக்கு ராஜலிங்கத்தின் வலக்கையை மணிக்கட்டு வரைக்கும்தான் எடுத்தது. அதன் பிறகு நான் செய்ததையும் எழுதிக்கொள்ள வேண்டும். மெஷினை நிறுத்தியது நான். படியால் ஓடி இறங்கி, என் சேர்ட்டைக் கிழித்துக் கட்டியது நான். என் வானில் ஏற்றி, ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான். இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார் என்று டொக்டர் சொன்னார். ராஜலிங்கத்தின் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நபீல் கெமராவைக் கழற்றச் சொல்லவில்லை. கெமரா ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார். லென்ஸில் ஆவி படிந்திருக்கலாம், அதனால்தான் ஒன்று போதாது, இரண்டு பக்கமும் வேண்டும் என்றேன். அடுத்த வாரமே இன்னும் இரண்டுக்குச் சொன்னார். காத்திருந்த ஆறு பெக்டரியும் பூட்டிக்கொண்டன. கலகெதரவில் ஒரு தும்பு மில்லும் சேர்ந்தது. இன்று பதினொரு மெஷினை என் கெமரா காவல் காக்கிறது, எட்டு மாதத்தில் ஒரு விரல் நகம்கூடப் போகவில்லை. ஒரு கையோடு இதை வைத்துப் பாருங்கள். நான் நியாயம் கேட்கவில்லை, பார்க்கத்தான் சொல்கிறேன்.

கட்டத்தை நகர்த்தினால் நேரத்தோடு பதிவாகும். அந்த வசதியை வைத்ததே நான்தான். உங்கள் நிபுணர் அதைத்தான் கண்டுபிடித்தார், கெட்டிக்காரர். ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். அழித்தால் அந்தக் காலைப் படமும் சேர்ந்து போய்விடும். நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம் ஐயா. கொஞ்சமும் கலங்கல் இல்லை. அவர் கெமராவைப் பார்த்துச் சிரித்துக் கை காட்டும் நாலு வினாடியை மட்டும் வெட்டியெடுத்து, புதிய இடங்களுக்குப் போகும்போது போட்டுக் காட்டுவேன். தெளிவைப் பார்த்தீர்களா என்பேன். எல்லாருக்கும் அது பிடிக்கும். அவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று. இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆரம்பத்திலிருந்து என்று சொன்னபடியால் முடிவையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் போய்ப் பார்த்தேன். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன், உரித்துக் கொடுத்தேன். கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு ஒரு சுளையை மட்டும் தின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சேர், அன்னைக்கி நான் கை காட்டுனனா இல்லையா? நாலு நாளா யோசிக்கிறேன், நெனப்பே வர மாட்டேங்குது. கெமரா கழட்டப் போறாங்கங்கிற கவலையில காட்டாம வுட்டுட்டேன் போல. அது பாவம், யாருன்னு தெரியாமத்தானே நிக்காம போயிருச்சு?"

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காரணம் தெரியாமல் ஒரு மனிதர் எத்தனை நாள் தூங்காமல் கிடப்பது? ஒரு காரணம் கிடைத்தால் ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது.

"ஓம் அண்ணை" என்றேன். "அண்டைக்கு மறந்திட்டியள்."

தலையை ஆட்டினார். "என் பிழைதான் சேர். ஒங்க கெமராவ ஒண்ணும் சொல்லிறாதீங்க" என்றார். அன்றிரவு நன்றாகத் தூங்கினாராம், மனைவி சொன்னார். எனக்கும் மனம் லேசாகிவிட்டது.

அவர் மறக்கவில்லை. மூன்று தரம் காட்டினார், வழக்கத்தைவிட உயரமாக. மேல்மாடியில் இருந்து நானும் பதிலுக்குக் காட்டினேன். மெஷினை நிறுத்தும் விசையின் மேல்தான் என் கை இருந்தது, அதை எடுத்துத்தான் காட்டினேன்.