கட்டி தொடாத விளிம்பு

ஆய்வகத்தின் மூத்த மருத்துவரே, அளந்து பார்த்து அளவாய்ச் சொல்பவரே, கண்ணாடி வில்லையில் கண்டதற்கு அப்பால் ஒரு சொல்லும் கூட்டி எழுதாதவரே, வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகள் இங்கே பணியாற்றி இன்று ஓய்வு பெறுகிறீர்கள். அறுவைக் கூடத்திலிருந்து ஜாடிகளில் வரும் கட்டிகள் புற்றா, புற்றென்றால் எதுவரை பரவியது என்று பார்த்துச் சொல்வது நம் வேலை. எவருடைய ஜாடியையும் நீங்கள் அவசரப்பட்டுத் திறக்கவிட்டதில்லை. திசுவைக் கெடாமல் இறுக்கும் ஃபார்மலினில் நன்றாக ஊறிய பிறகே கத்தி. அதனால் உங்களுக்கு நாங்கள் வைத்த பெயர் "ஊறட்டும் மேடம்". அது உங்களுக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஜாடியே வந்தது. இதை மடலில் எழுதலாமா என்று கேட்டோம். "தாராளமா எழுதுங்க. அளவை மட்டும் பெருசாக்கிடாதீங்க" என்றீர்கள். ஆகவே: இடது சிறுநீரகத்தில் கட்டி, இரண்டரை சென்டிமீட்டர். பித்தப்பைக் கல்லுக்கென்று எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்டது. கட்டியையும் அதைச் சுற்றிய சிறு பகுதியையும் மட்டும் எடுத்துவிட்டு, மீதிச் சிறுநீரகத்தை விட்டுவைத்தார்கள்.

"சின்னதுதானே, பயமில்லையே?" என்று கேட்கும் குடும்பங்களுக்கு நீங்கள் சொல்லும் பதில் எங்களுக்கு மனப்பாடம். "சின்னதா இருக்கறது நல்லதுதான். பெரும்பாலும் திரும்ப வராது. ஆனா அளவு மட்டும் போதாது. சுத்தியிருக்கற கொழுப்புக்குள்ள போயிருக்கா, வெட்டின விளிம்பைத் தொட்டிருக்கா, செல்லெல்லாம் எப்படி இருக்கு, அதையும் பாக்கணும்." அன்று அந்தக் கேள்விகள் உங்களுக்கே வந்து நின்றன.

நாங்கள் வரிசையை உடைத்து உங்கள் ஜாடியை மேசைக்குக் கொண்டுவந்தோம். கத்தியை எடுத்தபோது வார்டிலிருந்து போன்.

"என் ஜாடி எங்க?"

"இதோ, மேசை மேலதான் மேடம். சாயங்காலமே முடிச்சு..."

"எடுத்த எடத்துல வைங்க. அரைகுறையா ஊறினதை வெட்டினா நசுங்கும். அப்புறம் கொழுப்புல போயிருக்கா இல்லையான்னு யார் வந்தாலும் சொல்ல முடியாது. எனக்கொண்ணும் அவசரமில்ல."

அவசரம் இருந்தது. தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்த உங்கள் கணவர் ஆய்வக வாசல் பெஞ்சை விட்டு எழவேயில்லை. ஜாடியைத் திருப்பி வைத்தோம்.

தன்னுடையதைத் தானே படிக்கக் கூடாது என்று ஸ்லைடுகளை இரண்டாம் மருத்துவரிடம் விட்டீர்கள். எதைக் காட்டினாலும் "இன்னொரு துண்டு வெட்டுங்க" என்பவர் அவர். கட்டியும் கொழுப்பும் சேரும் இடத்தில் ஓரிடம் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மறுபடி வெட்டச் சொன்னார். பிறகு இன்னொரு முறையும். கடைசியில் வார்டுக்குப் போனார்.

"கேன்சர்தான். ஆனா வெட்டின விளிம்புல அடையாளத்துக்குப் பூசின மையைக் கட்டி தொடல. கொழுப்புக்குள்ளயும் போகல."

"எவ்வளவு பாத்தீங்க?"

"மொத்தக் கட்டியையும்."

"அப்ப சரி" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

உங்கள் கணவர் விடவில்லை. "குணமாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க தம்பி, கடைல மாட்டி வெக்கிறேன்" என்று எங்களிடம் கேட்டார். நீங்கள்தான் பதில் சொன்னீர்கள்.

"அந்த வார்த்தை எங்க ரிப்போர்ட்ல கெடையாதுங்க. திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்பக் குறைவு, அவ்வளவுதான் எழுத முடியும். வருஷா வருஷம் ஸ்கேன் பாக்கணும்."

"இந்தச் சட்டை பொருந்த வாய்ப்பு அதிகம்னு நான் சொன்னா எவன் வருவான் என் கடைக்கு?" என்றார் அவர். தையல் பிரிந்துவிடும் என்று நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

இந்த மடலின் முதல் வரைவில் "நோயை வென்றவரே" என்று எழுதியிருந்தோம். நீங்கள் கோடு போட்டு அடிப்பீர்கள் என்று நாங்களே அடித்துவிட்டோம். இந்த மாத ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. அதை மட்டும் எழுதுகிறோம்.

நூறாண்டு வாழ்க என்று முடிப்பது வழக்கம். அதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை, ஆசை இருக்கிறது. இதைச் சட்டமிட்டு, இந்த விழாவின் முன்வரிசையில் இருக்கும் உங்கள் கணவர் கையில் தருகிறோம். கடையில் மாட்டட்டும். அவர் கேட்ட வார்த்தை இதிலும் இல்லை. அடுத்த ஆண்டு ஸ்கேன் முடிந்ததும் இருவரும் மாடியேறி வந்து முடிவைச் சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கு அடுத்த ஆண்டும். அதற்கும் அடுத்த ஆண்டும்.

என்றும் உங்கள்,
ஆய்வகப் பணியாளர்கள்