செவ்வாய்க் கிரகத்தில் என் மலை

கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டை போகும் எட்டு மணி பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்ததே இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். பதினாறு வருடம் கம்பியைப் பிடித்துக்கொண்டேதான் வேலைக்குப் போனேன். செவ்வாய்க் கிரகத்தில் மலையைக் கண்டுபிடித்த பிறகுதான் கண்டக்டரே ஆளை எழுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

விளக்கமாக எழுதச் சொன்னீர்கள். அதனால் வேலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலம் ஒரே இடத்தை இரண்டு தடவை, சற்றே தள்ளியிருந்து படம் எடுக்கும். ஒரு படம் இடது கண்ணுக்கு, மற்றது வலது கண்ணுக்கு. இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமான கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் மேடு எழும்பி நிற்கும், பள்ளம் உள்ளே இறங்கும். அந்த மேடு பள்ளத்தை அளந்து, வரைபடமாக்கி, பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஆபீஸில் இதற்கு இரண்டே பேர். நான் குறிப்பேன், பிளெஸ்ஸி சரிபார்ப்பாள். கெட்டிக்காரப் பெண்.

அவள் பிரசவ லீவில் இருந்தபோது என் கண்ணாடியின் காதுப்பிடிகள் இரண்டும் உடைந்துவிட்டன. புதிது கேட்டால் வர ஒரு மாதமாகும். நானே பசை போட்டு ஒட்டினேன். அன்று மதியம் போட்டுப் பார்த்தபோதுதான் மலை தெரிந்தது. சுற்றிலும் கட்டாந்தரை, நடுவில் தன்னந்தனியாக ஒரு மலை. நிழல் மட்டும் விழ வேண்டிய பக்கம் விழவில்லை. வேற்றுக் கிரகம், வெயிலுக்கு அங்கே என்ன வழக்கமோ என்று விட்டுவிட்டேன். சரிபார்க்க ஆள் இல்லாததால் அவள் இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஊரில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ‘செவ்வாயில் மலை கண்ட செம்மல்’ என்று எழுதி, என் முகத்துக்குப் பின்னால் செவ்வாயை ஒளிவட்டம் மாதிரி போட்டிருந்தார்கள். மாசித் திருவிழாவில் பரிவட்டம் கட்டும் முதல் மரியாதை பதினோரு வருடமாக என் பங்காளி ராக்கனுக்குத்தான். இந்த வருடம் எனக்கு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள். ராக்கன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வானத்துல மலை வச்சிருக்கவனுக்கு முன்னாடி நாம எந்த மூலைக்குப்பா” என்றான். என் வாழ்நாளில் நான் கேட்ட மிக இனிமையான வார்த்தை அதுதான். வீட்டுக்குப் போய் அழுதேன்.

திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பிளெஸ்ஸி வேலைக்குத் திரும்பினாள். பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்தாள்.

“அண்ணே, ஒங்க கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க.” வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “புடிய முன்னாடிப் பக்கமா ஒட்டிருக்கீங்க. இடது கண்ணுக்கு வர வேண்டிய படம் வலது கண்ணுக்குப் போயிருச்சு. அது மலை இல்லண்ணே, பள்ளம்.”

“எம்புட்டு ஆழம்?” என்று கேட்டேன்.

“ஒங்க மலை எம்புட்டு ஒசரமோ அம்புட்டு. நீங்களே திருத்தி அனுப்பிருங்க. நான் யார்ட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா திங்கக்கெழமைக்குள்ள போயிரணும், அங்கிட்டு வண்டி எறக்குறதாப் பேசிக்கிறாங்க.”

நான் கோபப்படவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். பள்ளம் கண்டவனுக்குப் பரிவட்டம் கட்டியதாக எங்கள் ஊரில் பேச்சே கிடையாது. பிளெஸ்ஸிக்குக் கைக்குழந்தை இருக்கிறது, அவள் உயிருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். சமைக்க ஒரு கண் போதும். பிள்ளை வளர்க்கவும் ஸ்கூட்டி ஓட்டவும்கூடப் போதும். இந்த வேலைக்குத்தான் இரண்டு வேண்டும்.

நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பதால் எங்களுக்குக் கண் காய்ந்துபோகும். ஆளுக்கொரு சொட்டு மருந்து மேஜையில் இருக்கும். ஆறு வருடமாகப் பார்க்கிறேன், அவள் முதலில் இடது கண்ணில்தான் விடுவாள். எங்கள் தோப்பில் முந்திரிக்கொட்டைக்குப் பஞ்சமில்லை. அதன் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். கண் கழுவ வசதியாக இருக்கட்டும் என்று அவள் மேஜையில் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்தேன். அந்த அக்கறையை யாரும் பேசுவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஆட்டோவில் அழைத்துப்போனேன். வழி நெடுக என் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, பிள்ளைக்குப் பசிக்கும், வீட்டுக்குச் சொல்லிருங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். உடனே போன் செய்து சொன்னேன். இடது கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். அவையும் வெந்துதான் போயிருந்தன, அதற்கு யாரும் மருந்து போடவில்லை. உங்களுக்குத்தான் போன் போட்டார்கள்.

நான் போடாத கணக்கு ஒன்று இருந்தது. திங்கட்கிழமை பிளெஸ்ஸி கட்டிலில் படுத்தபடியே செல்போனில் ஒரே ஒரு படத்தை மட்டும் பார்த்திருக்கிறாள். நிழல் விழும் பக்கத்தை வைத்தே அது பள்ளம் என்று பெங்களூருக்கு எழுதிவிட்டாள். நேற்று பதில் வந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள். மலை என்றால் பத்தோடு பதினொன்று, இது யாரும் பார்க்காத பாதாளக் குகையின் வாசலாக இருக்கலாம், முதலில் கண்டவர் பெயரையே அதற்கு வைக்கப்போகிறோம் என்று எழுதியிருக்கிறார்களாம்.

ஆகவே மேடம், சொட்டு மருந்தில் எண்ணெயைக் கலந்தது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அந்தப் பள்ளத்தை முதலில் கண்டவனும் நான்தான். பிளெஸ்ஸி அனுப்பிய அறிக்கை அதற்கு வெகுநாள் கழித்து எழுதியது, அதுவும் ஒற்றைக் கண்ணால் பார்த்து.