மில் தெருவுக்காக நின்றவள்

லோர்னா: அந்தத் தேர்தல் பலகைய விடுக்கா. நாளைக்குப் பிடுங்கலாம்.

ஆர்டித்: தோத்தவ பேரு அடுத்தவங்க புல்வெளில எதுக்கு நிக்கணும்? ஆட்டி இழு... ம், வருது.

லோர்னா: எத்தனை ஓட்டுல போச்சு?

ஆர்டித்: நாலாயிரத்துச் சொச்சம். நம்ம மில் தெருவுல மட்டும் நூத்துப் பதினாலு ஓட்டு. எனக்கு விழுந்தது முப்பத்தொண்ணு.

லோர்னா: மிச்சப் பேரு இப்ப பதவில இருக்கிற அந்த ஹோல்கம்புக்கா போட்டாங்க?

ஆர்டித்: போடவே போகல. கவுண்டி முழுக்க வீடு, நிலத்துக்கு மதிப்புப் போடுற பதவிக்கு எவன் வந்தா எங்களுக்கென்னன்னு...

லோர்னா: அவன் போடுற மதிப்புக்குத்தானே வரி கட்டுறாங்க.

ஆர்டித்: அதத்தான் வீடு வீடாப் போய்ச் சொன்னேன். ஏரிக்கரை மாளிகைக்குப் பாதி விலை போடுறான், உங்க ஒழுகுற கூரைக்கு ஒன்றரை மடங்கு போடுறான். நான் வந்தா சரியாப் போடுவேன், நோட்டீஸையும் படிச்சாப் புரியற மாதிரி அனுப்புவேன்னு. தலையாட்டினாங்க. காபி குடுத்தாங்க.

லோர்னா: கேக்கும் குடுத்தாங்க. நீ ஒரு சுத்துப் பெருத்துட்ட.

ஆர்டித்: சும்மா இருடி...

லோர்னா: இனி வேலைக்குப் போவியா?

ஆர்டித்: எங்க? இருபத்திரண்டு வருஷம் அவன் ஆபீஸ்ல குமாஸ்தா. அவனையே எதுத்து நின்னவளுக்கு நாற்காலி போட்டு வெச்சிருப்பானா? காலைல போனேன். என் சாமானெல்லாம் அட்டைப்பெட்டில கட்டி வாசல்ல இருந்துச்சு.

லோர்னா: அக்கா...

ஆர்டித்: விடு.

லோர்னா: என்னாலதானே நின்ன.

ஆர்டித்: உனக்காக மட்டும் இல்ல.

லோர்னா: ஒவ்வொரு கூட்டத்துலயும் என்னை எழுப்பி நிக்க வெச்ச. இவ என் தங்கச்சி, வரி கட்ட முடியாம வீட்ட இழக்கப் போறான்னு... நான் ஒண்ணு சொல்லணும். திட்டாத.

ஆர்டித்: அடுத்த பலகை அந்த மூலைல. வா.

லோர்னா: நில்லுக்கா. அந்த வீடு இப்ப என்னுது இல்ல. மார்ச் மாசமே வித்துட்டேன். தேர்தல் முடியற வரைக்கும் வாடகைக்கு இருந்துக்கறேன்னு வாங்கினவன்கிட்ட கெஞ்சிக் கேட்டேன். சொன்னா உனக்கு மனசு விட்டுப்போயிடுமேன்னு...

ஆர்டித்: தெரியும்.

லோர்னா: தெரியுமா? எப்படி...

ஆர்டித்: விக்கிற பத்திரமெல்லாம் என் மேசைக்குத்தானே வரும். பதிவேட்டுல உன் பேர எடுத்துட்டு அவன் பேரப் போட்டதே நான்தான். உன்கிட்ட கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்ப... அப்புறம் யார் வீட்டக் காப்பாத்தணும்னு நான் ஓட்டுக் கேக்கறது?